மலைப் பயணத்துக்கு ஒரு தலைக்கவசம்

வைகாசி பிறந்து டில்லியில் அனல் காற்று வீசத் தொடங்கியதும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இமயமலையின் நினைவு வந்துவிடுகிறது. பெரியவர்கள் ஹரித்துவாரம், பத்ரிநாதம் என்று மூட்டை கட்டுகிறார்கள். பிள்ளைகள் மணாலி, லே என்று மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறார்கள். முன்னதற்குக் கம்பளியும் பட்சணமும் எடுத்து வைக்கத் தெரிந்த நமக்கு, பின்னதற்கு என்ன எடுத்து வைக்கவேண்டும் என்பது தெரிவதில்லை. நம் சங்கத்து உறுப்பினர் இருவர், தங்கள் புதல்வர்கள் இவ்வாண்டு லடாக் போவதாகவும், இத்தகைய பிரயாணத்துக்கென்றே தனியாக விற்கும் தலைக்கவசத்தை வாங்கித் தரலாமா என்றும் என்னைக் கேட்டார்கள். சென்ற மாதம் என் வீட்டிலேயே இக்கேள்வி எழுந்து, அதற்கு விடை தேடி அலைந்தவன் ஆதலால், அறிந்துகொண்டதை இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகிறேன்.

என் மனைவியின் தம்பி சென்னையில் வேலை பார்க்கிறான். நண்பர் மூவரோடு மணாலியிலிருந்து லே வரை போவதென்று தீர்மானித்து, தன் மோட்டார் சைக்கிளை ரயிலில் பார்ஸலாக அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே வந்து சேர்ந்தான். ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் என்னும் வண்டி அது. சென்னைக்கு அருகே செய்யப்படும் வண்டிக்கு இமயமலையின் பெயர்! நான் பார்ஸல் ஆபீஸில் குமாஸ்தாவாதலால், அதை இறக்கும்பொழுது அருகில் நின்றேன். பெட்ரோல் டாங்கியைச் சொட்டு இல்லாமல் வடித்திருந்தார்கள். முன்விளக்குக்கும் கைப்பிடிக்கும் வைக்கோல் வைத்து, மேலே கோணிச் சாக்கைச் சுற்றிச் சணலால் தைத்திருந்தார்கள். குறை சொல்வதற்கில்லாத கட்டு. ஆனால் அந்தக் கட்டுக்கு வெளியே, பின் இருக்கையின் ஓரத்தில், ஒரு கயிற்றில் அவனுடைய ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இரும்போடு மோதிக்கொண்டே வந்திருக்கிறது.

"விளக்குக்கு வைக்கோல் சுற்றினாயே தம்பி, தலைக்கு ஒன்றும் சுற்றவில்லையே?" என்றேன்.

"தலைக்குச் சுற்றுவதே அதுதானே, அத்தான்! அதற்கு இன்னொரு சுற்று எதற்கு?" என்று சிரித்தான்.

கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆயினும் ஹெல்மெட்டைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கொண்டுள்ள தவறான எண்ணம் அதில் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை அவனுக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது என் தொழில்தான்.

ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடியைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுக்காத குடும்பம் நம்மில் இராது. ஜாடி உடையாமல் வந்தால் பெட்டியின் பலகை கெட்டி என்று மெச்சுகிறோம். பார்ஸல் ஆபீஸில் இருப்பவர்கள் அப்படி எண்ணுவதில்லை. பலகை, விழும் இடியைப் பரப்பித் தருகிறது; கூரிய பொருள் உள்ளே பாயாமல் தடுக்கிறது. ஜாடியைக் காப்பதோ நடுவே திணித்த வைக்கோல். இடி விழும்பொழுது வைக்கோல் நசுங்குகிறது. அது நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்த இமைப்பொழுதில், ஜாடி சட்டென்று நிற்காமல் சற்றே மெள்ள நிற்கிறது. வைக்கோல் இல்லையேல், பலகை எத்துணை கனமாயினும் ஜாடி பெட்டிக்குள்ளேயே உடையும். தலைக்கவசமும் இவ்வாறுதான். பிளாஸ்டிக்காலோ, கண்ணாடி இழையாலோ, கார்பன் இழையாலோ செய்த மேலோடு பலகைக்குச் சமானம். அதன் உட்புறம் சில சென்டிமீட்டர் கனத்துக்குப் பதித்திருக்கும் தெர்மோகோல்தான் வைக்கோல். நசுங்குவதே அதன் வேலை. ஒரு முறை நசுங்கிய தெர்மோகோல் மறுபடி எழும்பாது. வெளியே ஒரு கீறல் மாத்திரம் தெரிய, உள்ளே பள்ளம் விழுந்திருக்கலாம். பலத்த அடி பட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது என்று சொல்வதும், பிறர் அணிந்து பழகியதை மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கலாகாது என்பதும் இக்காரணம் பற்றியே.

மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துதானே போகும், இவ்வளவு கவலை எதற்கு என்று என் மைத்துனன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் வண்டியின் வேகம் வேறு, தலை தரையில் விழும் வேகம் வேறு. உட்கார்ந்திருப்பவனின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி அசையாமல் நின்று பக்கவாட்டில் சாய்ந்தாலும், அவ்வுயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்பொழுது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். பள்ளியில் படித்த சூத்திரத்தைக் கொண்டு எவரும் கணக்கிடலாம். வெறுந்தலை பாறையில் மோதினால் சில மில்லிமீட்டரில் நின்றாகவேண்டும். தெர்மோகோல் நசுங்கி இரண்டரை சென்டிமீட்டர் இடம் கொடுக்குமாயின், ஐந்து மில்லிமீட்டரில் நிற்பதைவிடத் தாக்கும் விசை சராசரியில் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. உயிருக்கும் மரணத்துக்கும் இடையே இருப்பது இந்த இரண்டு விரற்கடைதான்.

இவ்வுண்மை ஒரு பிரசித்தி பெற்ற மரணத்துக்குப் பின்னரே ஆராயப்பட்டது. அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் 1935-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறாம் நாள் காலமானார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர் அதை மறக்கவில்லை. இராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் இராணுவம் தன் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் காக்ரேன் அமைப்பினர் 2008-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கவசம் விபத்தில் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக் காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. ஆக, அணியவேண்டுமா என்ற விவாதத்துக்கு இனி இடமில்லை. எதை அணிவது என்பதுதான் எஞ்சிய கேள்வி.

மறு நாள் இருவருமாகக் கரோல் பாக் போனோம். ஒரு காலத்தில் நம்மவர் குடும்பங்கள் நிறைந்திருந்த அப்பேட்டையில், நாயிவாலா என்னும் தெரு இப்பொழுது மோட்டார் சைக்கிள் சாமான்களுக்குப் பெயர் பெற்றிருக்கிறது. (பெயரைக் கேட்டு நம் குழந்தைகள் சிரிப்பார்கள், நாயி என்றால் ஹிந்தியில் நாவிதர்.) கடைக்காரர் ஒரு ஸர்தார்ஜி. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்குச் சட்டம் ஹெல்மெட்டிலிருந்து விலக்களித்திருக்கிறது. அதைச் சொல்லி, "என் தலைக்கு வேண்டியதில்லை, அதனால்தான் அடுத்தவர் தலையைப் பற்றி நாள் முழுவதும் யோசிக்கிறேன்" என்று நகைத்தார்.

என் மைத்துனன் உள்ளே நுழைந்ததும், நெற்றிக்கு மேல் நீண்ட கூரை வைத்து, பக்கத்தில் பனிமலைச் சித்திரம் தீட்டிய ஒன்றை எடுத்துக்கொண்டான். ஸர்தார்ஜி அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டுத் தையற்காரரின் நாடாவை எடுத்தார். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே தொடங்கி, பின் மண்டை அதிகமாய்ப் பிதுங்கியிருக்கும் இடத்தைச் சுற்றி அளந்தார். 58 சென்டிமீட்டர். நம் நாட்டுக் கவசங்களின் உட்புறத்தில் இவ்வளவை 580 என்று மில்லிமீட்டரில் குறித்திருப்பார்கள்.

முதலில் 600 அளவு உள்ளதை மாட்டிப் பார்த்து, "காற்றோட்டமாக, சுகமாயிருக்கிறது" என்றான். சுகமாயிருப்பதே குற்றம்! பெட்டிக்குள் கடகடக்கும் ஜாடியின் கதை அது. கவசத்தை இரு கைகளாலும் பற்றி ஆட்டினால், கன்னத்துத் தோலும் உடன் அசையவேண்டும்; கவசம் மாத்திரம் சுழலக் கூடாது. 580-ஐ மாட்டினான். கன்னம் பிதுங்கி, வாயில் கொழுக்கட்டை அடக்கியவன்போல் பேசினான். கன்னத்துத் திண்டுகள் பழகப் பழகத் தளர்ந்துவிடுமாதலால் அதற்கு அஞ்சவேண்டியதில்லை என்றார் கடைக்காரர். அஞ்சவேண்டியது நெற்றியில் ஓரிடத்தில் மாத்திரம் உண்டாகும் அழுத்தம். கால் மணி நேரம் கழற்றாமல் உட்காரச் சொன்னார். கழற்றியபொழுது நெற்றி நடுவில் சிவந்த தடம். மனிதர் தலை எல்லாம் ஒரே உருவம் அன்று. சிலருக்கு வட்டம், சிலருக்கு நீள்வட்டம். சுற்றளவு ஒன்றாயிருந்தாலும் உருவம் பொருந்தாத கவசம் ஒரு மணிப் பிரயாணத்தில் தலைவலியைத் தரும். பிறகு அதைக் கழற்றிப் பெட்ரோல் டாங்கியின்மேல் வைத்துக்கொண்டு போகும் ஆசை வரும். மூன்றாம் கம்பெனியின் கவசம்தான் இவனுக்குப் பொருந்தியது. அதில் மலைச் சித்திரம் இல்லை. வெறும் சாம்பல் நிறம். அவன் முகம் சற்றே வாடியதை நான் கவனித்தேன்.

தாடைக்குக் கீழே கட்டும் வாரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். இரண்டு வளையங்களில் நுழைத்து இழுக்கும் முறை ஒன்று. சொடுக்கி மாட்டும் பூட்டு மற்றொன்று. வளையம் ஒவ்வொரு முறையும் தாடைக்குச் சரியாக இறுகும். சொடுக்குப் பூட்டு எளிது. நாளடைவில் வார் நெகிழ்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன், இரவு வேலை முடிந்து மழையில் திரும்பிய நான், வீடு அருகில்தானே என்று வாரைத் தொங்கவிட்டபடி வந்தேன். தெருமுனையில் சக்கரம் வழுக்கியது. ஹெல்மெட் எனக்கு முன்னே உருண்டு ஓடிற்று. அதற்கு ஒரு கீறலும் இல்லை. எனக்கு ஏழு தையல். ஊரிலுள்ள என் தாயாரிடம் இன்றுவரை அத்தழும்பைக் கதவு இடித்தது என்றே சொல்லி வைத்திருக்கிறேன். இப்பத்திரிகை ஊருக்குப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இனி, மலைப் பிரயாணக் கவசத்துக்கென்று உள்ள தனி அம்சங்கள். முன் கூரை வெறும் அலங்காரம் அன்று. மாலைச் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும்பொழுது தலையைச் சற்றுத் தாழ்த்தினால் நிழல் தரும். முன்னே போகும் லாரி வாரி இறைக்கும் சேற்றையும் கல்லையும் ஓரளவு தடுக்கும். ஆனால் டில்லியிலிருந்து சண்டிகர் வரை அகன்ற சாலையில் வேகமாகப் போகும்பொழுது, காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுக்கும்; கழுத்து நோகும். ஆகவே கழற்றி மாட்டக்கூடிய கூரை உள்ளதாகப் பார்க்கவேண்டும். கண் திறப்பு அகலமாயிருப்பதால் தூசுக் கண்ணாடி அணியலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர், நம்மில் அவர்கள்தாமே அதிகம், அதைப் போட்டுக்கொண்டே கடையில் மாட்டிப் பார்ப்பது அவசியம். தாடைக் காப்பு சற்று முன்தள்ளி இருப்பதால் மூச்சுக்கு இடம் உண்டு. காற்று மெலிந்த உயரத்தில், கல்லிலும் மணலிலும் வண்டியோடு மல்லாடும்பொழுது, இது பெரிய உபகாரம்.

முகக் கண்ணாடி, அதாவது வைசர், தெளிந்த நிறத்தில் இருப்பதே நன்று. மணாலியைக் கடந்ததும் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வருகிறது. நீளம் 9 கிலோமீட்டர். கறுப்புக் கண்ணாடியோடு வெயிலிலிருந்து அதனுள் நுழைபவன் சில விநாடி குருடனாகிறான். வெயிலுக்கு உட்புறம் இறக்கி ஏற்றும் சிறிய கறுப்புத் தகடு உள்ள கவசங்கள் கிடைக்கின்றன. அல்லது தனிக் கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். சுரங்கத்துக்கு அப்பால் பாராலாச்சா கணவாய் ஏறக்குறைய 4,900 மீட்டர். லேயை நெருங்கும்பொழுது வரும் தாங்லாங் கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். அக்குளிரில் நம் மூச்சே வைசரில் பனியாய்ப் படியும். பின்லாக் என்னும் இரண்டாம் தகட்டை உட்புறம் பதித்தால் அது பெரிதும் தவிர்க்கப்படும். விலை சிறிது கூடுதல். ஆயினும் சித்திர வேலைப்பாட்டுக்குக் கொடுப்பதை இதற்குக் கொடுக்கலாம்.

முகப்பை முழுதும் மேலே தூக்கக்கூடிய கவசமும் உண்டு. தேநீர் குடிக்கவும் வழி கேட்கவும் வசதி. கனம் சற்று அதிகம். தூக்கிவிட்டபடியே ஓட்டும் பழக்கம் வந்துவிட்டால் தாடைக்குக் காப்பு இல்லை. பனி உருகி வரும் நீரோடைகள் காலையில் கணுக்காலளவும், பிற்பகலில் முழங்காலளவும் பாதையைக் கடந்து ஓடும். அங்கே வழுக்கி முகங்குப்புற விழுபவர்கள் பலர். முகம் திறந்த கவசத்தை அவ்வழிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

முத்திரையைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வண்டித் தலைக்கவசத்தை நம் நாட்டில் செய்வதும் விற்பதும் சட்டவிரோதம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்.எல். என்று தொடங்கும் அனுமதி எண்ணும் இருக்கவேண்டும். முத்திரையைப் போலியாக ஒட்டுவது கடினமன்று. ஆதலால் பி.ஐ.எஸ். நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் அவ்வெண்ணை அடித்து, கம்பெனியின் பெயர் ஒத்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஐரோப்பிய இ.சி.இ. 22.06 முத்திரையும் சேர்ந்திருந்தால் மிக நன்று. அதில் தலை சரிந்து மோதும்பொழுது உண்டாகும் சுழற்சியையும் சோதிக்கிறார்கள். அது ஐ.எஸ்.ஐ.க்குப் பதிலாகாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

விலையோ, சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டுகிறது. கூடிய விலை கனத்தைக் குறைக்கும், சத்தத்தைக் குறைக்கும், காற்றோட்டம் தரும். ஆனால் விலைக்குத் தக்க பாதுகாப்பு என்பது நிச்சயமில்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் 2007 முதல் நடத்திவரும் ஷார்ப் என்னும் சோதனைத் திட்டத்தில், மலிவான கவசங்கள் சில ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கின்றன. விலை உயர்ந்தவை சில பெறவில்லை. நாங்கள் வாங்கியது ஆறாயிரத்துக்குச் சிறிது மேல். அதே தெருவில் நடைபாதையில் நானூறு ரூபாய்க்குக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து, ஒருவர் குடும்பத்தோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மணாலியிலோ லேயிலோ வண்டியை வாடகைக்கு எடுப்பவர்களுக்குக் கவசமும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அது எத்தனை முறை விழுந்தது, யார் தலையில் இருந்தது என்பதை அது சொல்லாது. வண்டி வாடகைக்கு எடுத்தாலும் கவசம் சொந்தமாயிருக்கட்டும். ரயிலில் அதை மடியில் வைத்துக் கொண்டு போகலாம். பார்ஸலோடு கட்டி அனுப்பாதீர்கள். பார்ஸல் ஆபீஸில் இருப்பவனே இதைச் சொல்கிறேன் என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவன் புறப்படும் நாளன்று பழைய ஹெல்மெட் ஒன்று மிஞ்சியது. "வீணாக்குவானேன், அக்கா போட்டுக்கொள்ளட்டுமே, அத்தான் பின்னால் உட்காரத்தானே" என்றான். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அதன் உட்புறத் துணியை விலக்கி, இட்லி மாவைப் பதம் பார்ப்பவள்போல் தெர்மோகோலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். இடது காதுக்கு மேலே விரல் நின்றது. அங்கே ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய பள்ளம். எப்பொழுது விழுந்தாய் என்று கேட்டாள். சென்ற ஐப்பசியில், மவுண்ட் ரோட்டில், லேசாக, என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர்கள் அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குக் கதவு இடித்தது நினைவுக்கு வந்ததால் நான் வாய் திறக்கவில்லை.

வேறு எவரும் எடுத்து அணியாதபடி வாரை அறுத்துவிட்டு அதைக் குப்பையில் போட்டோம். என் மனைவி இத்தனை நாளாய் என் பின்னே அணிந்து வந்தது, தலையின் பாதியைக்கூட மூடாத ஒரு கிண்ணம் என்பதும் அப்பொழுதுதான் என் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளோடு மறுபடி கரோல் பாக் போனேன். கொண்டை போட்டால் கவசம் பின்புறம் தூக்கி நிற்கிறது. பின்னலைத் தாழ்த்திக் கழுத்தருகே விட்டால் சரியாக இறங்குகிறது. நம் பெண்மணிகள் கடைக்கு அவ்வாறே போவது நலம். அவள் அளவு 560. நிறம் அவளே தேர்ந்தெடுத்தாள்.

உயர்ந்த கணவாய்களில் வரும் தலைச்சுற்றல், மூச்சுத் திணறல் பற்றி நம் சங்கத்து மருத்துவர் ஒருவரைக் கேட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் பையன் லேயிலிருந்து திரும்பியிருப்பான்.